தீபாவளிப் பணத்தை மாசியிலேயே ஒதுக்குங்கள்

தீபாவளிக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் இந்த மாசி மாதத்தில் பண்டிகைச் செலவைப் பற்றிப் பேசுவானேன் என்று வேளாண் பெருமக்கள் கேட்கக்கூடும். ஐப்பசியில் பேசிப் பயனில்லை என்பதே இதற்கு விடை. ஐப்பசியில் கையில் பணம் இராது. பணம் இல்லாத மாதத்தில் செலவுத் திட்டம் போட்டால் அது கடன் திட்டமாகத்தான் முடியும்.

விவசாயி கடன்படுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'ஆடம்பரத்தைக் குறையுங்கள், சிக்கனமாய் இருங்கள்' என்று உபதேசம் செய்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பது ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. மணமாகிப் போன மகளுக்கு ஒரு சேலையும் பலகாரமும் கொடுத்து அனுப்புவதும் ஆடம்பரம் அல்ல. ஆண்டு முழுவதும் சேற்றில் உழைக்கிற குடும்பத்துக்கு நல்ல நாள் வேண்டும். பண்டிகைச் செலவை எந்த மாதத்தில், எந்தப் பணத்திலிருந்து செய்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மாதங்களின் கணக்கு

காவிரிப் பாசனப் பகுதியில் ஒருபோகம் சம்பா சாகுபடி செய்யும் சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு. தீபாவளி எப்போதும் ஐப்பசியில்தான் வருகிறது. அப்போது பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கும். களை எடுக்க வேண்டும். மேலுரம் இட வேண்டும். பூச்சி தென்பட்டால் மருந்து வாங்க வேண்டும். வயலிலிருந்து ஒரு ரூபாய் வருவதில்லை. பணம் முழுவதும் வயலை நோக்கிப் போகிற காலம் அது.

அதன்பின் தை முதல் நாள் பொங்கல். பொங்கல் அறுவடைத் திருநாள் என்பது உண்மையே. ஆனால் புது நெல் பானையில் ஏறுவதும் நெல் விற்ற பணம் கைக்கு வருவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. பெரும்பாலான சம்பா நெல் தையின் பிற்பகுதியிலும் மாசியிலும்தான் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஆகவே பொங்கலும் பணத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

ஊர்க் கோயில் திருவிழாக்களைப் பாருங்கள். நமது பகுதியில் பெரும்பாலானவை பங்குனி, சித்திரை, வைகாசியில் நடக்கின்றன. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம் அது. தீபாவளி அப்படியல்ல, கை வறண்ட மாதத்தில் வரும் பண்டிகை. அதற்கான பணத்தைக் களஞ்சியம் நிறைந்திருக்கும்போதே எடுத்து வைக்காவிட்டால் வேறு வழியில் தேட வேண்டியதுதான்.

குறுவை எடுப்பவர்களுக்குப் புரட்டாசி, ஐப்பசியில் பணம் வருமே என்று சொல்லலாம். வரும் ஆண்டும் உண்டு. வராத ஆண்டும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறக்கப்பட்டது. ஆற்று நீரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு குறுவை வாய்க்கவில்லை. 2023-ல் குறித்த நாளில் திறந்தார்கள். ஆனால் நீர் போதாமல் அக்டோபர் 10-ல் அணையை மூட நேர்ந்தது. தீபாவளியோ எந்த ஆண்டும் தவறாமல் வந்துவிடுகிறது. நிச்சயமாக வரும் செலவை நிச்சயமில்லாத வரவின் மேல் வைக்கக் கூடாது.

பொங்கலுக்கு அரசு தரும் பரிசுத் தொகையையும் சிலர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2021-ல் குடும்ப அட்டைக்கு 2,500 ரூபாய் கிடைத்தது. 2022-ல் பொருள்கள் மட்டுமே, ரொக்கம் இல்லை. 2023, 2024 ஆண்டுகளில் 1,000 ரூபாய் வந்தது. 2025-ல் மறுபடியும் ரொக்கம் இல்லை. கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். அதை எதிர்பார்த்து முன்கூட்டிச் செலவு செய்யலாகாது.

கடன் நெல்லைத் தின்னும் விதம்

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நடத்திய ஆய்வின்படி தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் 65 சதவீதம் கடன் உள்ளவை. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 1 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய். இதில் பயிர்க்கடன் உண்டு, மாட்டுக் கடன் உண்டு, மருத்துவக் கடன் உண்டு. ஒவ்வொரு பண்டிகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் வாங்கி, அடைபடாமல் நின்றுபோன கடனும் உண்டு. இதைத்தான் முதலில் ஒழிக்க முடியும் என்பதால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நமது கிராமங்களில் வட்டியை ஆண்டுக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. 'மூன்று வட்டி', 'ஐந்து வட்டி' என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் காதுக்குச் சிறியதாய்த்தான் இருக்கும். அது ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி என்றால் 60 சதவீதம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது; தவணை தவறினால்தான் 7 சதவீதம். வயலுக்கு வட்டியில்லாமல் வாங்குகிற நாம் பட்டாசுக்கும் துணிக்கும் 36 சதவீதத்தில் வாங்குகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தண்டல் இன்னும் மோசமானது. பத்தாயிரம் கடன் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். சராசரியாக நம் கையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவே. அதற்கு நூறு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற அதீத வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது; வாங்கும் தேவையும் இருக்கிறது. தேவையை நாம்தான் ஒழிக்க வேண்டும்.

இனி நெல்லில் கணக்குப் போடுவோம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் விலை. அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்று 1,018 ரூபாய். சுலபமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஆயிரம் ரூபாய் என்பது ஒரு சிப்பம் நெல்.

தீபாவளிக்கு 20 ஆயிரம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி. ஐப்பசியில் வாங்கி மாசியில் அடைத்தால் நான்கு மாதத்துக்கு 2,400 ரூபாய்; அதாவது இரண்டே கால் சிப்பத்துக்கும் மேல். ஐந்து வட்டி என்றால் 4,000 ரூபாய். ஏறத்தாழ நான்கு சிப்பம். மாசியில் அடைக்க முடியாமல் அடுத்த தீபாவளி வரை நின்றால் மூன்று வட்டிக்கே 7,200 ரூபாய், ஏழு சிப்பம். அதன் மேல் அடுத்த தீபாவளிக் கடன் வந்து ஏறும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பண்டிகைக்குப் பணம் கொடுத்தவர் நெல் வியாபாரியாகவும் இருந்தால், களத்து மேட்டிலேயே நெல்லை அளந்துகொண்டு போய்விடுகிறார். கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்து முறை வரும்வரை காத்திருக்கும் துணிவு கடன்பட்டவருக்கு இருப்பதில்லை. குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் 20 குவிண்டாலுக்கு 6,000 ரூபாய் போய்விடும். இதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை. ஆனால் வட்டியைவிடப் பெரியது இதுதான்.

பயிருக்கு நேரும் குறை

பண்டிகைக் கடன் பயிரையும் தொடுகிறது என்பதை என் துறை சார்ந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. இதை அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் நான்கு சம பாகமாகப் பிரித்து இட வேண்டும். ஏக்கருக்கு ஒரு தவணைக்கு 33 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக ஒரு தவணைக்கு 200 ரூபாய்க்குள்தான் ஆகிறது. களை எடுக்கும் கூலி இதைவிடப் பல மடங்கு.

ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் கதிர் உருவாகும் பருவம் வருகிறது. தீபாவளி முடிந்து கை காலியான நேரம். கூலிக்குப் பணம் இல்லை என்று களையெடுப்பைத் தள்ளிப் போடுகிறார்கள். களை நிற்கும் வயலில் உரம் போட்டால் களைதான் தின்னும் என்று உரத்தையும் தள்ளுகிறார்கள். கதிர் உருவாகும் தருணத்தில் தழைச்சத்து குறைந்தால் கதிரில் மணிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். பத்து நாள் கழித்து இரு மடங்கு போட்டாலும் அதை ஈடு செய்ய முடியாது. பூச்சியும் நோயும் மிகுவதுதான் மிச்சம். ஏக்கருக்கு இரண்டு குவிண்டால் குறைந்தால்கூட இரண்டு ஏக்கருக்குப் பத்து சிப்பம் நஷ்டம்.

பயிர்க் காப்பீட்டின் கதையும் இதுதான். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 வரை அவகாசம் தருகிறார்கள். விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. அந்த நாளும் தீபாவளியை ஒட்டியே வருகிறது. 2018-ல் தீபாவளி நவம்பர் 6. பத்து நாள் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. நெல்லோடு தென்னையும் சாய்ந்தது. 2020-ல் தீபாவளி நவம்பர் 14. அந்த மாதக் கடைசியில் நிவர் புயல், டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. அடுத்த ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் சாய்ந்து முளைத்தன. வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிற பண்டிகைக்கு, அந்த மழைக்குத் தப்பி வர வேண்டிய நெல்லை அடகு வைத்துக் கடன் வாங்குவது எவ்வளவு அபாயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பண்டிகையை நெல்லில் அளப்போம்

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே கணக்குப் பார்க்காமல் இருந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், மிஞ்சுவது உழக்கு என்பதால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மிதமிஞ்சி விளைகிறவருக்குக் கணக்கு எதற்கு?

ஓர் உதாரணம். ஐந்து பேர் கொண்ட குடும்பம். சொந்த நிலம் இரண்டு ஏக்கர். தீபாவளிக்குத் துணிமணி 8,000, மகள் வீட்டுச் சீர் 6,000, பலகாரம் 2,500, பட்டாசு 1,500, போக்குவரத்தும் பிறவும் 2,000. ஆக 20,000 ரூபாய். பொங்கலுக்குப் பொங்கல் வரிசை, கரும்பு, மஞ்சள், வெள்ளையடிப்பு, மாட்டுப் பொங்கல் எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 28,000 ரூபாய். நெல்லில் சொன்னால் 28 சிப்பம்.

ஏக்கருக்கு 22 குவிண்டால் வீதம் இரண்டு ஏக்கரில் 44 குவிண்டால், அதாவது 110 சிப்பம் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். உழவு, நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் அது நல்ல ஆண்டு. அந்த 55 சிப்பத்தில் 28 சிப்பம் இரண்டு பண்டிகைக்குப் போய்விட்டால் மீதியில் ஓராண்டுச் சாப்பாடும், பள்ளிச் செலவும், வைத்தியமும் எப்படி நடக்கும்?

பையில் பணமாக இருக்கும்போது 28,000 பெரிதாகத் தெரியாது. களத்தில் அடுக்கிய 110 சிப்பத்தில் 28 சிப்பத்தைத் தனியே நகர்த்தி வைப்பதாக மனத்தில் நினைத்துப் பாருங்கள். அப்போது தெரியும். இந்தக் கணக்கை வீட்டுத் தாய்மார்களோடு உட்கார்ந்து போடுங்கள். எது இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏங்கும், எது இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

பத்தில் ஒன்று

நான் சொல்லும் விதி எளிது. நெல் விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரு பண்டிகைக்கும் ஒதுக்க வேண்டாம். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது 11 சிப்பம். ஏறத்தாழ 11,200 ரூபாய். மாசியில் பணம் வந்ததும் முதலில் கூட்டுறவு சங்கக் கடனைக் கெடு தேதிக்குள் கட்டுங்கள். அப்போதுதான் வட்டிச் சலுகை கிடைக்கும். இரண்டாவதாக, வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டிய நெல்லை விற்காமல் வையுங்கள். மூன்றாவதாக, அடுத்த சம்பாவின் ஐப்பசி, கார்த்திகைச் செலவுக்கான தொகையை எடுத்து வையுங்கள். நான்காவது பண்டிகைப் பணம். இந்த வரிசை மாறக் கூடாது.

11,200 போதாது என்பீர்கள். உண்மைதான். மீதியை நெல்லில் தேட வேண்டாம். மாட்டிலும் ஆட்டிலும் தேடலாம். சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பம் நாளுக்கு அரை லிட்டர் பால் பணத்தை மட்டும் தீபாவளிக்கு என்று ஒதுக்கட்டும். லிட்டர் 35 ரூபாய் என்று கணக்கிட்டாலும் மாசியிலிருந்து ஐப்பசி வரை 240 நாளில் 4,200 ரூபாய் சேர்ந்துவிடும். தீபாவளியை ஒட்டிப் பல பால் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு போனஸ் தருவதும் உண்டு.

ஆடு சிறு விவசாயியின் நடமாடும் உண்டியல். பங்குனியில் மூன்று, நான்கு மாதக் குட்டி இரண்டு வாங்கி விட்டால், வரப்புப் புல்லிலும் தழையிலும் வளர்ந்து ஐப்பசிக்கு விற்பனைக்குத் தயாராகிவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஆட்டுச் சந்தையில் நல்ல கிராக்கி இருக்கும். எல்லாரும் வாங்குகிற நேரத்தில் நாம் விற்கிறவராக இருப்பது நல்லதல்லவா? ஆனால் ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன்பே துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் வைத்தால் உண்டியல் உடைந்துபோகும்.

இவ்வளவும் சேர்த்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவே பண்டிகை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான். துணி எடுப்பதை ஐப்பசிக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது; நெசவாளிக்கும் உதவியாயிற்று. பட்டாசுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பின் நமது மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் இரண்டு மணி நேரமே அனுமதிக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கினால் போதும். அதிரசமும் முறுக்கும் வீட்டு அரிசியிலும் வீட்டு உளுந்திலும் செய்ய முடியும்போது கடைப் பெட்டி எதற்கு?

எங்கே வைப்பது?

மாசியில் ஒதுக்கிய பணம் வீட்டில் இருந்தால் ஆனிக்குள் கரைந்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆடியில் உழவு தொடங்குகிறது. ஆகையால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். நெல் பணம் மொத்தமாக வருவதால் அதை மொத்தமாகவே வைப்பதுதான் முறை. பங்குனியில் போட்டுப் புரட்டாசிக் கடைசியில் முதிர்வடையும்படி ஆறு மாத வைப்பாகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ போடலாம். வட்டி கொஞ்சம்தான் வரும். பணம் பத்திரமாய் இருப்பதே இதில் முக்கிய லாபம். பால் பணம்போல் சிறிது சிறிதாக வருவதற்கு வங்கியின் மாதாந்தரத் தொடர் வைப்பு ஏற்றது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு உண்டு. ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மகள் கல்யாணத்துக்குப் பொருந்துமே தவிர, வருஷா வருஷம் வருகிற தீபாவளிக்குப் பொருந்தாது.

தீபாவளிச் சீட்டைப் பற்றி எச்சரிக்கை தேவை. வாரம் நூறு, இருநூறு வசூலித்து, தீபாவளிக்குப் பாத்திரமும் வெள்ளிக் காசும் பலகாரப் பெட்டியும் தருவதாகச் சொல்வார்கள். கடைசி மாதத்தில் நடத்துகிறவர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்ற செய்தி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வருகிறது. 1982-ம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பதிவு எண்ணும் ரசீதும் இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சேர்ந்து சேமிக்க விரும்பினால் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. அங்கே பணம் குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கும். கணக்குப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சீர்வரிசை

துணியையும் பலகாரத்தையும் குறைத்துவிடலாம். சீரை எப்படிக் குறைப்பது என்று கேட்பீர்கள். தலை தீபாவளி, தலைப் பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். சம்பந்தி வீட்டில் குறைவாய் நினைப்பார்கள், மகளுக்குப் பேச்சு வரும் என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கிறது. இந்த அச்சத்துக்காக மூன்று வட்டிக்கு வாங்குகிறவர்கள் ஏராளம். நகையை அடகு வைத்துச் சீர் கொண்டு போகிற தாயின் கழுத்து பண்டிகையன்று வெறுமையாய் இருக்கிறது.

இதை ஒரு குடும்பம் தனியாக மாற்றுவது கடினம். ஆனால் இரு வீட்டாரும் விவசாயக் குடும்பமாக இருந்தால், இருவருக்கும் ஒரே ஐப்பசிதான். சீரை ஐப்பசியிலிருந்து மாசிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சம்பந்தியிடம் வெளிப்படையாய்ப் பேசலாம். தீபாவளிக்குத் துணியும் பலகாரமும் மட்டும். மற்றது அறுவடைக்குப் பிறகு இரண்டு சிப்பம் நெல்லாகவோ, ஓர் ஆட்டுக் குட்டியாகவோ, உளுந்தாகவோ போகட்டும். அது மகளுக்கும் பயன்படும். பெண்ணைப் பெற்றவர் இதைச் சொல்லத் தயங்குவார். ஆகவே பிள்ளையைப் பெற்றவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் தங்கள் வீட்டில் தொடங்கி வைத்தால் மற்றவர்கள் பின்பற்றுவார்கள்.

கடன் தவிர்க்க முடியாவிட்டால்

வெள்ளமோ வறட்சியோ வந்த ஆண்டில் ஒதுக்க எதுவும் இராது. அந்த ஆண்டு பண்டிகையைச் சுருக்குவதே நல்லது. மீறி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வரிசை பார்த்து வாங்குங்கள். முதலில் சுய உதவிக் குழுவின் உள்கடன். அடுத்து, கிசான் கடன் அட்டை. அதன் வரம்பில் பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று சேர்த்தே அனுமதிக்கப்படுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை, கேட்டுப் பெறலாம். அதையும் பயிர்க்கடனோடு சேர்த்துக் கெடுவுக்குள் கட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதற்கும் அடுத்ததுதான் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடன். தண்டலும் மீட்டர் வட்டியும் எந்த வரிசையிலும் இல்லை.

தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கையிலும் கடன் வாங்குகிறார்கள். 2021-ல் கூட்டுறவு சங்கங்களில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. தனியாரிடம் பண்டிகைக்கு வாங்கிய கடனில் ஒரு காசுகூடத் தள்ளுபடி ஆகவில்லை; ஆகவும் ஆகாது.

மற்ற பகுதிகளில்

மானாவாரி விவசாயிக்கு நிலைமை இன்னும் நெருக்கடியானது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் நிலத்தில் வடகிழக்கு மழையை நம்பிப் பருத்தி, சோளம், மக்காச்சோளம், உளுந்து விதைப்பதே புரட்டாசி, ஐப்பசியில்தான். விதைப்புச் செலவும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். இவர்கள் மகசூல் பணத்தில் விதைப் பணத்தையும் பண்டிகைப் பணத்தையும் இரண்டு கணக்கில் தனித்தனியே வைக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்குத் தை முதல் பங்குனி வரை பணம் வருகிறது. நெல் விவசாயிக்குச் சொன்னதே அவருக்கும் பொருந்தும். தென்னை உள்ளவர் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் போதும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

விவசாயியை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமாகாது. கொள்முதல் பணம் தாமதமின்றிக் கணக்கில் சேர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் தனியார் கடனுக்கு வட்டியாகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்கள் ஆடி, ஆவணியில் பயிர்க்கடன் கொடுக்க உறுப்பினரைத் தேடுவதுபோல, மாசி, பங்குனியில் பண்டிகை வைப்புக்கும் தேடிப் போகலாம். நெல் பணம் வரும் வாரத்தில் சங்கச் செயலாளர் கொள்முதல் நிலையத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, புரட்டாசியில் முதிரும் வைப்பைத் தொடங்கிக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் தண்டல்காரரிடம் போகாமல் தப்பிக்கும். இதற்குப் புதுச் சட்டமோ மானியமோ தேவையில்லை.

இந்த வாரம் உங்கள் கணக்கில் நெல் பணம் வந்திருந்தால், ஒரு தாளை எடுத்துச் சென்ற தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆன செலவை எழுதுங்கள். அதை ஆயிரத்தால் வகுத்து எத்தனை சிப்பம் என்று பாருங்கள். விற்ற சிப்பத்தில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பத்தில் ஒன்றைப் பங்குனிக்குள் வைப்பில் போட்டுவிடுங்கள். ஐப்பசியில் மழை பெய்யட்டும், பெய்யாமல் போகட்டும். உங்கள் வீட்டுத் தீபாவளி உங்கள் நெல்லிலேயே நடக்கும். வயலுக்கு வைத்த பணம் வயலுக்கே போகும்.